முன்னோர் பெயர் காத்த ஏடுகள்

எந்தையார் 2019ஆம் ஆண்டில் மறைந்தார். அவருக்குக் கயையில் பிண்டமிட வேண்டுமென்பது தாயார் உயிரோடிருந்த காலத்திலேயே சொல்லிவைத்த சொல். பெருந்தொற்றுக் காலத்தின் தடைகளெல்லாம் நீங்கியபின், 2022ஆம் ஆண்டு மகாளய பட்சத்தில் நானும் என் தம்பியும் கயைக்குச் சென்றோம். பல்குனி ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தபோது புரோகிதர் பெயர்களைக் கேட்டார். தந்தை பெயர் சொன்னோம். பாட்டனார் பெயர் சொன்னோம். பூட்டனார் பெயரைக் கேட்டபோது நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பெண் வழியிலும் அப்படியே. தாய், பாட்டி என்ற இருவரோடு எங்கள் அறிவு தீர்ந்துவிட்டது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வேயில் பார்சல் பேரேடு எழுதுபவன் நான். முன்பின் அறியாத ஒருவர் அனுப்பிய வெங்காய மூட்டைக்கும் அனுப்பியவர் பெயர், பெறுபவர் பெயர், புறப்பட்ட நிலையம், சேரும் நிலையம் அனைத்தும் என் கையெழுத்தில் இருக்கும். என் பாட்டனாரைப் பெற்றவள் பெயர் மட்டும் எனக்குத் தெரியவில்லை. புரோகிதர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. பெயர் அறியாதார்க்கும் வழி வகுத்துள்ள சடங்கு அது. காரியங்களை முடித்து வைத்தபின், "எந்த ஜில்லா?" என்று ஹிந்தியில் கேட்டார். திருநெல்வேலி என்றோம். ஒரு பையனை உடன் அனுப்பி, விஷ்ணுபாதக் கோயிலுக்கு அருகே சந்து ஒன்றினுள் இருந்த ஒரு கயாவாலர் வீட்டுக்கு எங்களை அனுப்பினார்.

அவ்வீட்டில் கண்டதைப் பின்னர்ச் சொல்கிறேன். அந்த வீட்டில் இருந்தது போன்ற ஏடுகளின் கதையே ஒரு சரித்திரம். வடநாட்டில் பிழைக்க வந்து இரண்டு மூன்று தலைமுறைகளைக் கழித்துவிட்ட நம் சங்கத்து அன்பர்கள் பலரும் அந்த ஏடுகள் உள்ள ஊர்களைக் கடந்துதான் ஆண்டுதோறும் ஊருக்குப் போய் வருகிறோம். ஆயினும் அவற்றைப் பற்றி நம்மிடையே பேச்சில்லை.

ஹரித்துவாரம், பெஹோவா, பிரயாகை, காசி, கயை, திரியம்பகம் முதலிய தலங்களில் உள்ள தீர்த்தப் புரோகிதர்கள் தம்மிடம் வரும் யாத்திரிகர்களின் குடும்ப விவரங்களைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்துள்ளனர். அவ்வேட்டுக்கு 'வஹி' என்று பெயர். நம் ஊர்ச் செட்டியார் கடைப் பேரேட்டுக்கு வடநாட்டில் வழங்கும் சொல்லும் அதுவே. நீண்டு ஒடுங்கிய தாள்கள். ஒரு முனையில் தைத்திருப்பர். துணியில் சுருட்டிக் கட்டி வைப்பர். நனைந்தும் செல்லரித்தும் போன ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுவதும் உண்டு. பழைய ஏடுகளிற் பல வணிகர்களின் சுருக்கெழுத்தாகிய மகாஜனி, லண்டா முதலிய எழுத்துகளில் இருத்தலால் இன்றைய ஹிந்தி வாத்தியார்களாலும் அவற்றைப் படிக்கவியலாது. வழிவழியாகப் பயின்ற குடும்பத்தாரே படிப்பர்.

அவர்கள் அவ்வேடுகளை ஆளும் முறை என் போன்ற குமாஸ்தாவுக்கு வியப்பளிப்பது. முதலில் பெயரைக் கேட்பதில்லை. ஜில்லாவைக் கேட்பர்; பின்னர் ஊர்; அதன்பின் குலம். இன்ன ஜில்லாவினர் இன்ன குடும்பத்துப் புரோகிதரைச் சேர்ந்தவர் என்ற வரையறை உண்டு. யாத்திரிகர் தாம் பிறந்த நகரைச் சொன்னால், "அது வேண்டாம், பூர்வீக ஊர் எது?" என்று திருப்பிக் கேட்பர். பிழைக்கப் போன ஊர் மாறிக்கொண்டே இருக்கும். புறப்பட்ட ஊர் ஒன்றுதான். பார்சல் எங்கெங்கு மாறிப் போயினும் புறப்பட்ட நிலையத்தின் முத்திரை மாறாததைப் போல. ஏட்டைத் திறந்ததும் வந்தவர் தம் வீட்டில் நிகழ்ந்த பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றைச் சொல்ல, அவை சேர்க்கப்படும். வந்தவர் தம் கைப்படத் தம் எழுத்திலேயே எழுதிக் கையொப்பமிடுவதும் வழக்கம். ஆதலால் ஒரே ஏட்டில் பல மொழிகளின் எழுத்துகளைக் காணலாம். பிரயாகையில் எழுதப் படிக்க அறியாத யாத்திரிகரும் தம் புரோகிதரைக் கண்டுகொள்வதற்காக ஒவ்வொருவரும் தம் கொட்டகையின்மேல் உயர்ந்த மூங்கிலில் தனித்தனி அடையாளம் கொண்ட கொடியைப் பறக்கவிடுவர். மேளாவின்போது அக்கொடிகளே விலாசம்.

இதனைத் தொண்டு என்று மட்டும் சொல்லிவிடுவது உண்மையாகாது. வஹி ஒரு சொத்து. அதனைப் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொள்வர், விற்பதும் உண்டு. ஏடு யார் கையிலோ, யாத்திரிகர் தரும் தட்சிணையும் அவர் கையில். புரோகிதர் சிலர் வந்தவர்களை வருத்திப் பணம் பறித்த கதைகளை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம், அவை பொய்யல்ல. ஆயினும் காசு வருமென்ற நம்பிக்கையால் காக்கப்பட்ட ஏடு என்பதனாலேயே அது காக்கப்பட்டது என்றும் எனக்குத் தோன்றுகிறது. வெறும் பக்தியை நம்பி விடப்பட்ட ஓலைச்சுவடிகள் நம் நாட்டில் என்ன ஆயின என்பதை நாம் அறிவோம்.

பிறப்பு இறப்புகளைக் கட்டாயமாகப் பதியும் சட்டம் நாடு முழுமைக்குமாக இயற்றப்பட்டது 1969ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர் ஒரு குடியானவரின் பாட்டன் இன்னார் என்பதற்கு எழுத்துச் சான்று வேண்டுமாயின் இத்தகைய ஏடுகளையும் நாட வேண்டியிருந்தது. வாரிசு வழக்குகளில் புரோகிதரின் வஹி நீதிமன்றங்களில் சான்றாக வைக்கப்பட்டு வந்துள்ளது. நீதிபதிகள் அதனை அப்படியே ஏற்றுவிடுவதில்லை. எழுதியவர் யார், எப்போது எழுதினார், வழக்கு எழுந்தபின் செருகியதா என்றெல்லாம் ஆராய்ந்த பின்னரே ஏற்பர். அதுவும் முறைதான்.

ரயில் வந்தபின் இந்த ஏடுகள் பெருத்தன. கயைக்குப் பாட்னாவிலிருந்து 1879இல் இருப்புப்பாதை வந்தது. லக்ஸரிலிருந்து ஹரித்துவாரத்துக்கு 1886இல் வந்தது. 1900இல் தேராதூன் வரை நீண்டது. காசியில் கங்கைமேல் டஃபரின் பாலம் திறக்கப்பட்டது 1887இல். இன்று அதற்கு மாளவியர் பெயர். தெற்கே பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. இருப்புப்பாதைகள் வருமுன்னர்ச் சேதுவின் மணலைப் பிரயாகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, கங்கை நீரை இராமேசுவரத்துக்குக் கொண்டுவர நினைத்தவன், உயிலெழுதி வைத்துவிட்டு நடந்தான். பாதை வந்தபின் மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கக்கூடிய எவரும் போய்வரலாயிற்று. நடந்துபோன காலத்தில் ஊருக்கு ஒருவர் இருவர் பெயரே ஏட்டில் ஏறியிருக்கும். ரயில் ஓடிய காலத்தில் வீட்டுக்கு வீடு ஏறியது. எம் துறையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய்ப்புகள் குறைவு. ஆதலால் இதை அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1947இல் நாடு பிரிந்தபோது இந்த ஏடுகளுக்கு எவரும் எண்ணிப்பாராத ஒரு கடமை வந்து சேர்ந்தது. மேற்குப் பஞ்சாபிலிருந்து உடுத்த துணியோடு வந்த குடும்பங்களிடம் வீட்டுப் பத்திரமும் இல்லை; ஜாதகமும் இல்லை. லாகூர், முல்தான் பக்கத்துக் கிராமங்களில் தங்கள் முன்னோர் வாழ்ந்தனர் என்பதற்கான எழுத்து ஹரித்துவாரத்துச் சந்துகளில், துணிச்சுருளுக்குள் இருந்தது. திரும்பிப் போகவே முடியாத ஊர்களின் பெயர் இன்றும் அந்த ஏடுகளின் தலைப்பில் உள்ளது. அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் கானடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் அஸ்தியோடு வருகையில் அந்தத் தலைப்பின்கீழ்தான் தம் பெயரைச் சேர்க்கின்றனர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1894இல் தோன்றிய வமிச ஆய்வுக் கழகம் ஹரித்துவாரத்து ஏடுகள் பலவற்றை நுண்படமாக எடுத்து வைத்துள்ளது. அக்கழகத்தை நிறுவிய மார்மன் சபையார்க்கு, மறைந்த முன்னோர்க்காக ஞானஸ்நானம் செய்விக்கும் கொள்கை உண்டு. அதற்குப் பெயர்கள் வேண்டும். கடல் கடந்த அந்தச் சபையாரும் கங்கைக் கரைப் புரோகிதரும் பெயரைத் தேடுவதில் ஒத்திருப்பது வியப்பே.

மிதிலையின் முறை வேறு. அங்கே 'பஞ்ஜி' என்னும் வமிசாவளி ஏடு யாத்திரைக்காக அன்று, மணத்துக்காக எழுந்தது. தந்தை வழியில் ஏழு தலைமுறை, தாய் வழியில் ஐந்து தலைமுறைக்குள் உறவு இருப்பின் மணம் கூடாதென்பது ஸ்மிருதி விதி. நினைவை மட்டும் நம்பி அதனைக் கடைப்பிடித்தல் எங்ஙனம்? பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ஹரிசிம்மதேவர் காலத்தில் இவ்வேடுகள் முறைப்படுத்தப்பட்டன என்று மைதிலர் கூறுவர். அவ்வரசரின் மரபு கர்நாடர் மரபு. 1097இல் மிதிலையில் ஆட்சியை நிறுவிய நான்யதேவரின் முன்னோர் தெற்கேயுள்ள கன்னட நாட்டினர். பிழைக்க வந்த தென்னாட்டார் வழியினரே வடநாட்டுக் குடும்பங்களின் கணக்கை ஒழுங்குபடுத்தினர் என்பது, இந்தச் சங்கத்தின் மலரில் குறிக்கத் தகுந்த செய்தியன்றோ? மதுபனி ஜில்லாவிலுள்ள சௌராட்டு என்னும் ஊர்த் தோப்பில் பெண்வீட்டாரும் பிள்ளைவீட்டாரும் கூட, ஏட்டைக் காக்கும் பஞ்ஜிகாரர் உறவு இல்லை என்று எழுதித் தந்த பின்னரே மணம் நிச்சயமாகும். முற்காலத்தில் அத்தோப்பில் பெருங்கூட்டம் கூடியது. இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. 1955ஆம் ஆண்டு ஹிந்து திருமணச் சட்டம் தந்தை வழியில் ஐந்து, தாய் வழியில் மூன்று என்று எல்லையைக் குறுக்கி, வழக்கத்துக்கும் இடமளித்தது. அத்தை மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நமக்கு அந்த இடம் இன்றியமையாதது. மிதிலையிலிருந்து வந்த என் அலுவலக நண்பர் ஒருவரிடம் இதனைச் சொன்னபோது, அவர் தம் தேநீரை மேசைமேல் வைத்துவிட்டார்.

இராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் ஏடே யஜமானரைத் தேடி வீட்டுக்கு வரும். 'வஹிவஞ்சா பாரோட்டு' என்று குஜராத்தில் அழைக்கப்படும் குலத்தார் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிராமம் கிராமமாகச் சென்று, குடும்பத்தாரைக் கூட்டி ஏட்டைப் படித்துக்காட்டி, புதிதாய்ப் பிறந்த குழந்தைகளின் பெயரைச் சேர்த்து, வெகுமதி பெற்றுச் செல்வர்.

சரி, நம் நாட்டில் என்ன இருந்தது? கயையில் அந்தச் சந்தினுள் நடந்தபோது என் மனத்தில் எழுந்த வினா அதுவே. வடக்கே பேரேடு, தெற்கே கோயில். நெல்லைச் சீமையில் ஒருவனை, "உனக்கு எந்தச் சாஸ்தா?" என்று கேட்டால் போதும், அவன் பூர்வீகம் வெளிப்பட்டுவிடும். ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் காட்டினுள்ளும் பூரணை புட்கலையோடு அமர்ந்துள்ள சாஸ்தாக்கள் பலர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவருள் ஒருவர் உரியவர். பங்குனி உத்திரத்தன்று, எந்த ஊரில் பிழைத்தாலும், வண்டியேறி வந்து அந்தச் சாஸ்தாவின் முன் பொங்கலிட வேண்டும். சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்தவர்கள் அன்று ஒரே ஆலமரத்தடியில் இலைபோட்டு உண்பர். குழந்தைக்கு முடியிறக்குவதும், தாய்மாமன் மடியில் இருத்திக் காது குத்துவதும் அங்கேதான். பல குலத்தாரும் ஒரே சாஸ்தாவைத் தொழுவதுண்டு. சாஸ்தா யாரென்று மறந்துவிட்டவர்கள் பாபநாசத்துக்கு மேலே காட்டினுள் உள்ள சொரிமுத்து அய்யனாரைத் தம் சாஸ்தாவாகக் கொண்டு வழிபடுவர். மறந்தவனுக்கும் ஓர் இடம் வைத்த ஊர் அது. புலம்பெயர்ந்து போகிறவர்கள் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புதிய ஊரில் நட்டுக் கோயிலெழுப்புவதும் தொன்றுதொட்டு வரும் வழக்கம்.

எழுத்துக் கணக்கே நம்மிடம் இல்லையென்று சொல்லிவிடுதல் பிழையாகும். நகரத்தார் மணமான தம்பதியை ஒரு புள்ளியாகக் கொண்டு, தம் ஒன்பது கோயில்களில் எழுதி வைப்பர். பிற குலத்தாரின் குலதெய்வக் கோயில்களில் வரி நோட்டு உண்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கொடைக்கு வரி வகுத்து, தந்தவர் பெயரை எழுதுவர். ஆனால் ஒரு வேறுபாடு: கயையின் ஏடு மறைந்தோரின் கணக்கு, கோயிலின் நோட்டு உயிரோடிருப்போரின் கணக்கு. வராதவனின் பெயர் சில ஆண்டுகளில் நோட்டிலிருந்து உதிர்ந்துவிடும்.

இனி அந்தக் கயாவாலர் வீட்டுக்கு வருகிறேன். கயாவாலர்கள் பிகார் மண்ணினராயினும் உடுப்பி மத்துவரின் நெறியைப் பின்பற்றுபவர்கள். வீட்டுக்காரருக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. ஏட்டின் ஓரத்தில் நாகரி எழுத்தில் 'திருநெல்வேலி' என்று குறித்திருந்த பகுதியைத் திறந்து, எங்களையே படித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு மணி நேரம் புரட்டினோம். சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் அவசரமில்லாமல் எழுதிய அந்தக் காலத்துக் கையெழுத்துகள்! தம்பிதான் முதலில் கண்டான். 1938ஆம் ஆண்டு. எழுதியவர் என் பாட்டனாரின் தமையனார். தகப்பனார் பெயர், தாயார் பெயர், உடன்பிறந்தார் இருவர் என்று எங்கள் பாட்டனார் பெயர், அதன்கீழ்த் தாமிரபரணிக் கரையில் ஓர் ஊரின் பெயர். எந்தையார் எங்களுக்குச் சொல்லிவந்த ஊர் அதுவன்று. அவர் சொன்னது, பாட்டனார் வேலை பார்த்து இளமையிலேயே மறைந்த ஊர். பூர்வீகம் இது.

பெண்கள் பெயரை இந்த ஏடுகள் பெரும்பாலும் விட்டுவிடும். இன்னாரின் மகன் இன்னார் என்று ஆண்வழியே ஓடும். என் பெரிய பாட்டனார் தாயாருக்குப் பிண்டமிட வந்தவராதலால் அவள் பெயர் எழுத்தில் நின்றது. தம்பி அந்தப் பெயரை மூன்று முறை வாய்விட்டுப் படித்தான்.

2023ஆம் ஆண்டு பங்குனியில் பாஸ் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு அவ்வூருக்குச் சென்றேன். தம்பி புனாவிலிருந்து வந்தான். தங்கையையும் அழைத்தோம், "எனக்கு அவுக வீட்டுச் சாஸ்தா இருக்காரே அண்ணா" என்றாள், ஆயினும் வந்தாள். தேநீர்க் கடையில் விசாரித்தபோது ஒரு முதியவர், "நீங்க யாரு வீட்டுப் பிள்ளைகய்யா?" என்றார். பூட்டனார் பெயரைச் சொன்னேன். வாழ்நாளில் முதல் முறையாக அந்த வினாவுக்கு என்னால் விடை சொல்ல முடிந்தது. அவர் எழுந்து முன்னே நடந்தார்.

அவர் காட்டிய வீட்டில் எண்பது வயது கடந்த ஒரு பெரியம்மை இருந்தார். என் பாட்டனாரின் தமையன் மகனுக்கு வாழ்க்கைப்பட்டவர். நாங்கள் இன்னார் என்று அறிந்ததும் அவர் அழவில்லை. எழுந்து உள்ளே போய், எங்களுக்கு மோர் கொண்டுவந்தார். பின்னர், "உங்க தாத்தா பங்கு வரி நிக்கல. இவுக இருக்கிற மட்டும் கட்டிக்கிட்டுத்தான் வந்தாக" என்றார். எனக்கு விளங்கவில்லை. மறுநாள் உத்திரத்தன்று கோயிலில் கணக்கர் பழைய வரி நோட்டுகளைக் காட்டியபோதுதான் விளங்கிற்று. ஆண்டுதோறும் என் பாட்டனார் பெயரில் ஒரு தலைக்கட்டு வரி வரவு வைக்கப்பட்டிருந்தது. நாங்கள் எங்கே இருக்கிறோம், இருக்கிறோமா என்பதே அறியாத பெரியப்பா, தம் தலைக்கட்டோடு சிறிய தகப்பனாரின் தலைக்கட்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார். அவர் மறைந்தபின் அவர் மக்கள் அதனை விடவில்லை. பாக்கி எவ்வளவு என்று நான் கேட்டேன். குமாஸ்தாவுக்கு வேறென்ன கேட்கத் தெரியும்? "பாக்கி ஒண்ணும் இல்ல. இந்த வருசத்தைக் கட்டுங்க" என்றார் கணக்கர்.

என் மகன் இந்நகரில் பிறந்தவன். தமிழ் பேசுவான், எழுத்துக்கூட்டிப் படிப்பான். பிடிமண் எடுத்துப்போகலாமா என்று அவன் கேட்டதற்குக் கோயில் பெரியவர் ஒருவர், "வந்து போற தூரத்துல இருக்கவனுக்குப் பிடிமண் எதுக்குய்யா?" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் ரயில் பயணம் அவருக்கு வந்துபோகும் தூரமாகத் தோன்றியிருக்கிறது. நான் மறுத்துரைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் கடைத்தெருவில் சிவப்புத் துணி அட்டையிட்ட நீண்ட பேரேடு ஒன்றை வாங்கினேன். ஆண்வழி மட்டுமன்றிப் பெண்வழியும் அதில் ஏற வேண்டுமென்று தங்கை நிபந்தனை விதித்தாள், ஒப்புக்கொண்டேன். அவள் பெயரும், அவள் மக்கள் பெயரும், பெரியம்மை பெயரும் உரிய இடத்தில் ஏறின. முதல் பக்கத்தை மகனையே தமிழில் எழுதச் சொன்னேன். பூட்டியின் பெயரில் வரும் ழகரத்தை ளகரமாக எழுதிவிட்டான். அழிப்பானை எடுக்கப் போனவனைத் தடுத்தேன். பேரேட்டில் சுரண்டி அழித்தல் ஆகாது; பிழையை ஒரு கோட்டால் அடித்து, மேலே திருத்தி எழுதிக் கையொப்பமிடல் வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. அவ்வாறே திருத்தி அவன் கையொப்பமிட்டான். சரிபார்த்ததற்கு அடையாளமாக அதன்கீழ் நானும் இட்டேன்.